கேள்வி நேரம்: 'நவபழமைவாதி' என்பவர் யார்?

சென்ற இதழில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் உட்பூசலைப் பற்றிய பதில் ஒன்றில் 'நவபழமைவாதிகள்' (ஆங்கிலத்தில் 'நியோகன்சர்வேட்டிவ்', சுருக்கமாக 'நியோகான்') என்ற சொல்லை விளக்கம் ஏதும் தராமல் இரண்டு இடங்களில் எழுதிவிட்டேன். அதன் பலனாக, இம்மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர்: ஐயா, ஈராக் போரைத் தொடங்கியவர்களை நவபழமைவாதிகள் என்று நம் நாளேடுகளில் படித்திருக்கிறேன். ஆனால் டிரம்ப்பின் ஆதரவாளர்கள் தங்கள் கட்சிக்காரர்களையே அதே சொல்லால் திட்டுவதை இப்போது கேட்கிறேன். இரு தரப்பினரும் வலதுசாரிகள்தாமே? தவிர, 'நவ' என்பதும் 'பழமை' என்பதும் எப்படி ஒரே சொல்லில் குடித்தனம் நடத்துகின்றன? அரசியல் படிக்கும் என் மகன், 'அப்பா, அதற்கு அர்த்தமே கிடையாது, அது வெறும் வசவு' என்கிறான்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இன்றைக்கு அது பெரும்பாலும் வசவுதான். ஆனால் அர்த்தமில்லாத சொல் அல்ல. அர்த்தம் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்ட சொல். ஐம்பது ஆண்டுகளுக்குள் அது மூன்று முறை பொருள் மாறியிருக்கிறது, பழைய பொருள் எதுவும் முழுமையாகக் கழன்று விழவில்லை.

கதை நியூயார்க் சிட்டி கல்லூரியில் தொடங்குகிறது. கட்டணம் இல்லாத அக்கல்லூரியில் 1930களில் படித்தவர்களில் பலர் ஏழை யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அங்கிருந்த உணவுக்கூடத்தின் ஓரத்தில் மாடம்போன்ற அறைகள் இருந்தன. முதல் மாடத்தில் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரி மாணவர்களும் இரண்டாம் மாடத்தில் ஸ்டாலினின் ஆதரவாளர்களும் உட்கார்ந்து, வகுப்புக்குப் போகும் நேரத்தைக்கூட விவாதத்தில் செலவழித்தார்கள். (நம் மாமாக் கடை மேசைகளில் நள்ளிரவு தாண்டியும் நடக்கும் அரசியலை நினைத்துக்கொண்டால் காட்சி ஓரளவு பிடிபடும், ஆனால் அவர்கள் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்து சண்டை போட்டார்கள்.) முதல் மாடத்தில் இருந்தவர்களில் ஒருவர், 1940ஆம் ஆண்டு பட்டம் பெற்ற இர்விங் கிறிஸ்டல். அப்போது அவர் ஸ்டாலினின் எதிரியான டிராட்ஸ்கியின் வழியைப் பின்பற்றியவர். பின்னாளில் நவபழமைவாதத்தின் தந்தை என்று பெயர் வாங்கியவரும் அவரே.

கிறிஸ்டலும் அதே கல்லூரித் தோழரான டேனியல் பெல்லும் 1965ஆம் ஆண்டு 'பப்ளிக் இன்டரஸ்ட்' என்ற இதழைத் தொடங்கினார்கள். அதிபர் ஜான்சன் வறுமையை ஒழிக்கப் பெருந்திட்டங்களை அறிவித்திருந்த காலம் அது. ஏழைகளுக்கு அரசு உதவுவதே தவறு என்று இவ்விதழ் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் பழைய பழமைவாதிகள் வேறு கூட்டம். நல்ல நோக்கத்தோடு தீட்டப்படும் திட்டங்கள் எதிர்பாராத விளைவுகளைத் தருகின்றன, ஒரு சமூகத்தை மேலிருந்து திருத்தியமைக்கும் அளவுக்கு எந்த அரசுக்கும் அறிவு போதாது என்பதைப் புள்ளிவிவரங்களோடு அது மெல்ல மெல்ல எடுத்துவைத்தது. இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஈராக்குக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

'புதுப் பழமைவாதிகள்' என்ற பெயரை இவர்கள் தாங்களே சூட்டிக்கொள்ளவில்லை. 1973ஆம் ஆண்டு 'டிஸ்ஸென்ட்' இதழில் எழுதிய சோஷலிஸ்டு மைக்கேல் ஹாரிங்டன்தான் அதைப் பரப்பினார். அச்சொல் அதற்கு முன்பும் ஆங்காங்கே புழங்கியிருந்தாலும், இந்தக் கூட்டத்தின் நெற்றியில் அது ஒட்டியது அப்போதுதான். 'நேற்றுவரை நம் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எதிர்ப் பந்திக்குப் போய்விட்டார்கள்' என்பதே அதன் உட்பொருள். நீங்கள் சுட்டிய முரண் அங்கேதான் பிறந்தது: பழமைவாதத்துக்கு அவர்கள் புதியவர்கள், பிறவியிலேயே அதில் இருந்தவர்கள் அல்லர். அதாவது, 'நவ' என்ற அடைமொழி ஆட்களின் வருகையைக் குறித்தது, கொள்கையின் புதுமையை அன்று.

ஹாரிங்டன் குறிவைத்த மூவரில் இருவர் பெயரை ஏற்கவில்லை. டேனியல் பெல், தாம் பொருளியலில் சோஷலிஸ்டு, அரசியலில் லிபரல் (தாராளவாதி), பண்பாட்டில் பழமைவாதி என்று சொல்லி நகர்ந்துகொண்டார். டேனியல் பேட்ரிக் மோய்னிஹன் 1977 முதல் 2001 வரை நியூயார்க்கின் செனட்டராக இருந்தார், ஜனநாயகக் கட்சியின் சார்பில். கிறிஸ்டல் மட்டும் எறியப்பட்ட கல்லை எடுத்து மோதிரத்தில் பதித்துக்கொண்டார். நிஜ வாழ்க்கை வழிமறித்துக் கொள்ளையடித்த லிபரல்தான் நவபழமைவாதி என்று அவர் தந்த விளக்கம் பெயரைவிடப் புகழ்பெற்றுவிட்டது. பகைவர் வைத்த பெயரை விரும்பி அணிந்துகொள்வது அரசியலில் பழைய வழக்கம்தான். பிரிட்டிஷ் பழமைவாதக் கட்சியினரை இன்றுவரை சுட்டும் 'டோரி' என்ற சொல் அயர்லாந்தின் வழிப்பறிக்காரர்களைக் குறித்த சொல். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதிரிகள் அதைக் கட்சிப்பெயராக ஒட்டினார்கள்.

இரண்டாம் பிறவி வெளியுறவில். 1972 தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஜார்ஜ் மெக்கவர்னை நிறுத்தியபோது, கம்யூனிசத்தை எதிர்ப்பதில் கட்சி தளர்ந்துவிட்டதாகக் கருதிய சிலர் செனட்டர் ஹென்றி ஜாக்சனின் பக்கம் சேர்ந்தார்கள். குடிமக்களை வெளியேற விடாத நாடுகளுக்கு வணிகச் சலுகை இல்லை என்று 1974ஆம் ஆண்டின் வணிகச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தவர் அவர். சோவியத் யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறும் உரிமையே அதன் உடனடி நோக்கம். பின்னாளில் ஈராக் போரை வலியுறுத்திய ரிச்சர்ட் பெர்ல் அவருடைய அலுவலகத்தில் பயின்றவர். நார்மன் பொடோரெட்ஸ் நடத்திய 'கமென்டரி' இதழ் இவர்களின் மேடையாயிற்று. அதில் 1979 நவம்பரில் ஜீன் கர்க்பாட்ரிக் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் ரேகன் அவரை அழைத்து ஐ.நா. தூதராக்கினார், அப்போதும் அவர் ஜனநாயகக் கட்சி உறுப்பினரே, 1985இல்தான் கட்சி மாறினார்.

அந்தக் கட்டுரையில் சற்று நிற்க வேண்டும். ஈரானின் ஷாவையும் நிகராகுவாவின் சொமோசாவையும் போன்ற நட்புச் சர்வாதிகாரிகளை ஜனநாயகத்தின் பெயரால் கைவிட்டது தவறு என்பதே அவர் வாதம். மக்களாட்சிக்கு வேண்டிய பழக்கங்கள் ஒரு நாட்டில் ஊறுவதற்குப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள்கூட ஆகும். எங்கும் எப்போதும் அதை நட்டுவிடலாம் என்பது பேதைமை என்று அவர் எழுதினார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2003 மார்ச்சில், அதே பெயரைச் சுமந்தவர்கள் எதைச் சொல்லிப் பாக்தாதுக்குப் படை அனுப்புவதை ஆதரித்தார்கள்? சதாம் உசேனை அகற்றினால் ஈராக்கில் மக்களாட்சி வேர்விடும், அது மத்திய கிழக்கு முழுவதும் பரவும் என்றுதான்.

ஒரே பெயரின் கீழ் இப்படி நேரெதிரான இரண்டு கருத்துகள் உட்கார்ந்திருப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். நடுவில் சோவியத் ஒன்றியம் வீழ்ந்தது; அமெரிக்காவுக்கு நிகரான வல்லரசு இல்லாமல் போயிற்று; கிறிஸ்டலின் மகன் வில்லியம் கிறிஸ்டலும் அவர் தலைமுறையினரும் அந்த வலிமையை ஒரு கடமையாகப் பார்த்தார்கள். 1997இல் அவர்கள் தொடங்கிய அமைப்பு, சதாமை ஆட்சியிலிருந்து அகற்றக் கோரி 1998 ஜனவரியில் அதிபர் கிளின்டனுக்குக் கடிதம் எழுதியது. அதில் கையெழுத்திட்டவர்களில் பால் வுல்ஃபோவிட்ஸும் ஒருவர், பிரான்சிஸ் ஃபுக்குயாமாவும் ஒருவர். வுல்ஃபோவிட்ஸ் துணைத் தற்காப்பு அமைச்சராகிப் போரின் முதன்மை வாதியானார். ஃபுக்குயாமாவோ 2006இல் ஒரு நூலே எழுதி விலகினார். சொந்த நகரத்துச் சேரியைக்கூட அரசுத் திட்டத்தால் திருத்த முடியாது என்று 1960களில் எச்சரித்தவர்களின் வாரிசுகள், அறியாத மொழி பேசும் ஒரு நாட்டையே திருத்தியமைக்கக் கிளம்பியது எப்படி என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் முக்கியமானது. என் பார்வையில், இந்தக் கூட்டத்தின்மேல் வைக்கப்பட்ட விமர்சனங்களில் மிகக் கூர்மையானது இதுவே. அது எதிரியிடமிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

இனி டிரம்ப். ஈராக் போர் மாபெரும் தவறு என்று 2016 பிப்ரவரியில் குடியரசுக் கட்சியின் விவாத மேடையிலேயே அவர் சொன்னார். வில்லியம் கிறிஸ்டல் அவரைக் கடுமையாக எதிர்த்தார். 1995இல் கிறிஸ்டல் தோற்றுவித்த 'வீக்லி ஸ்டாண்டர்ட்' இதழ் 2018 டிசம்பரில் நின்றுபோனது. 2020 தேர்தலில் அவர் பைடனை ஆதரித்தார். தந்தை ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்தார், மகன் அதே வாசல் வழியாகத் திரும்பிப் போனார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் படம் தெளிவாகும். எனவே டிரம்ப்பின் ஆதரவாளர் ஒருவர் இச்சொல்லை வீசும்போது, 'அயல்நாட்டுப் போர்களுக்கு நம் பிள்ளைகளை அனுப்பியவர்கள், குடியேற்றத்துக்கு இடம் கொடுத்தவர்கள், நம்மவர்களே அல்லாதவர்கள்' என்கிறார். இடதுசாரி ஒருவர் அதே சொல்லை வீசும்போது 'போர்வெறியர்' என்கிறார். 1973இல் ஹாரிங்டன் சொன்னது 'கட்சி மாறியவர்' என்று. எந்த ஆண்டில், யார் வாயிலிருந்து என்று பார்க்காமல் இச்சொல்லைப் படித்தால் ஒன்றும் கிடைக்காது.

பட்டர்வொர்த் வாசகி ஒருவர்: 'நியோகான்' என்பது யூதர் என்பதற்கு இன்னொரு பெயர் என்று என் அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

இல்லை, அம்மா. ஆனால் அவர் அதை எங்கே கேட்டிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது.

தொடக்கக்காரர்களில் பலர் யூதர்கள் என்பதும், 'கமென்டரி' இதழை வெளியிட்டதே ஓர் அமெரிக்க யூத அமைப்பு என்பதும் மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல. அதே வேளையில் மோய்னிஹன் ஐரிஷ் கத்தோலிக்கர். இதே கூட்டத்தில் இருந்த மைக்கேல் நோவாக் கத்தோலிக்கர். வில்லியம் பென்னட் கத்தோலிக்கர். கர்க்பாட்ரிக்கும் யூதர் அல்லர். மறுபுறம், அமெரிக்க யூதர்களில் பெரும்பான்மையினர் தேர்தலுக்குத் தேர்தல் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வருகிறார்கள். ஈராக் போரை எதிர்த்து எழுதிய யூதர்களும் ஏராளம். ஒரு போருக்குப் பின்னால் ஓர் இனமே இருக்கிறது என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள், வெட்கத்தை மறைக்க இந்தச் சொல்லைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிப் பிடிக்கிறவர்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள், இங்கும் இருக்கிறார்கள்.

நீங்கள் பினாங்குக்காரர் என்பதால் ஓர் எடுத்துக்காட்டு. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் கடந்து போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. கலிங்கத்தின் பெயரால் வந்த 'கெலிங்' என்ற அந்தச் சொல், 1801இல் அப்பள்ளிவாசல் தோன்றிய காலத்தில் தென்னிந்தியரைச் சுட்டும் சாதாரணச் சொல். அதையே இன்று சாலைத் தகராறில் ஒருவன் காரின் கண்ணாடியை இறக்கி நம்மைப் பார்த்துச் சொன்னால், அது வேறு. எழுத்து அதே எழுத்துதான். நம் காதுக்கு அந்த வேறுபாடு உடனே தெரிகிறது. பிறரைப் பற்றிய சொல்லில் அதே காதைத் தீட்டிக்கொள்ள நமக்குச் சோம்பல். உங்கள் சக ஊழியரிடம், எந்த நியோகானின் எந்தக் கருத்தைச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெயரும் கருத்தும் வந்தால் உரையாடலாம்.

செந்தூல் வாசகர் ஒருவர்: டிக் செய்னி, ரம்ஸ்ஃபெல்ட் ஆகியோர் நவபழமைவாதிகள்தாமே?

என் கணக்கில் இல்லை. புஷ் ஆட்சியில் துணை அதிபராயிருந்த செய்னியையும் தற்காப்பு அமைச்சராயிருந்த ரம்ஸ்ஃபெல்டையும் கறாரான தேசியவாதிகள் என்று சொல்லலாம். அமெரிக்காவை மிரட்டுகிறவனை அடிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். அடித்த இடத்தில் மக்களாட்சியைக் கட்டியெழுப்ப வேண்டும் என்ற ஆர்வம் ரம்ஸ்ஃபெல்டுக்குக் குறைவு. செய்னி 1994ஆம் ஆண்டுப் பேட்டி ஒன்றில், 1991 வளைகுடாப் போரில் பாக்தாத்வரை போயிருந்தால் புதைகுழியில் சிக்கியிருப்போம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1998 கடிதத்தில் ரம்ஸ்ஃபெல்டின் கையெழுத்தும் இருக்கிறதே என்பீர்கள். ஒரே பேருந்தில் ஏறியவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள் அல்லர்.

கோலாலம்பூரிலேயே இதற்கொரு சான்று உண்டு. முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீரின் முயற்சியால் இங்கு அமைந்த போர்க்குற்றத் தீர்ப்பாயம், சட்ட வலு இல்லாதது என்றாலும், 2012 மே மாதம் சித்திரவதை வழக்கில் புஷ், செய்னி, ரம்ஸ்ஃபெல்ட் ஆகியோரையும் அவர்களின் சட்ட ஆலோசகர்கள் ஐவரையும் குற்றவாளிகள் என அறிவித்தது. அந்த எட்டுப் பேரில் வுல்ஃபோவிட்ஸ் இல்லை, பெர்ல் இல்லை. கிறிஸ்டலின் பரம்பரை என்று திட்டமாகச் சொல்லத்தக்க ஒருவரும் இல்லை.

ஆயர் ஈத்தாம் வாசகர் ஒருவர்: நம் நாட்டில் நவபழமைவாதிகள் உண்டா? அன்வாருக்கு அவர்களோடு தொடர்பு என்று ஒரு காலத்தில் மேடைதோறும் பேசினார்களே?

மலேசியாவில் பழமைவாதிகள் உண்டு, சமய நோக்கிலும் இன நோக்கிலும். ஆனால் இடதுசாரிகளாய் இருந்து, நலத்திட்டங்களின் மேல் ஐயம் கொண்டு, பிறகு உலக மக்களாட்சியை ஆயுதத்தால் காக்கக் கிளம்பிய கூட்டம் இங்கு உருவாகக் காரணம் ஏதுமில்லை. அது அமெரிக்க மண்ணின் பயிர்.

அன்வாருக்கும் வுல்ஃபோவிட்ஸுக்கும் இருந்த நட்பு ஊரறிந்தது. வுல்ஃபோவிட்ஸ் 1986 முதல் 1989 வரை ஜகார்த்தாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். முஸ்லிம் நாடுகளில் மக்களாட்சி தழைக்கும் என்ற அவருடைய நம்பிக்கையில் இந்தோனேசிய அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2010இல், எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அன்வாரின் மீது வழக்கு நடந்தபோது வுல்ஃபோவிட்ஸும் அல் கோரும் சேர்ந்து அமெரிக்க நாளேடு ஒன்றில் அன்வாருக்காகக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் ஈராக் போரின் முதன்மை வாதி. மற்றவர் அதைத் தொடக்கத்திலேயே எதிர்த்த முன்னாள் துணை அதிபர். அந்தக் கட்டுரையை வைத்து அன்வாரை நியோகான்களின் ஆள் என்று சொல்வதானால், அதே தர்க்கத்தில் போர் எதிர்ப்பாளர்களின் ஆள் என்றும் சொல்ல வேண்டும். மேடைகளில் முதல் பெயர் மட்டுமே ஒலித்தது.

கெப்போங் தமிழாசிரியை ஒருவர்: இச்சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது முறை? 'நவபழமைவாதி', 'புதிய பழமைவாதி', 'தீவிர வலதுசாரி' என மூன்றையும் பார்க்கிறேன். மாணவர்கள் குழம்புகிறார்கள்.

கடைசியானதை முதலில் விலக்கிவிடுங்கள். அந்தத் தவற்றைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2003 பிப்ரவரியில் அணிசேரா நாடுகளின் உச்சநிலை மாநாடு கோலாலம்பூரில் நடந்துகொண்டிருந்தது. போர் வரப்போகிறது என்று எல்லாரும் அறிந்திருந்தார்கள். நான் ஒரு நாளேட்டின் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்தியில் இந்தச் சொல் வந்தது. அச்சுக்குப் போக இருபது நிமிடம். 'தீவிர வலதுசாரிகள்' என்று போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். வரிவிதிப்பிலும் நலத்திட்டங்களிலும் அவர்கள் தம் கட்சியின் மற்றவர்களைவிட மிதமானவர்கள் என்பதும், அவர்களை மிகக் கடுமையாக வெறுத்தவர்கள் வலது கோடியில் இருந்தவர்களே என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வெறுப்பு பழையது. 1981இல் மானுடப் புலங்களுக்கான (இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்றவை) அமெரிக்கத் தேசிய அறநிதியின் தலைமைக்கு, லிங்கனைக் குறைகூறி எழுதிய தென்மாநிலப் பேராசிரியர் பிராட்ஃபோர்டின் பெயர் அடிபட்டபோது, நவபழமைவாதிகள் எதிர்த்து நின்று வில்லியம் பென்னட்டுக்கு அப்பதவியை வாங்கித் தந்தார்கள். அந்தக் காயம் ஆறாதவர்கள் அதே பத்தாண்டில் தமக்கென ஒரு பெயர் சூட்டிக்கொண்டார்கள். தமிழில் அதைத் 'தொல்பழமைவாதி' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பழமைக்கும் மேலே ஒரு பழமை.

அடுத்து, 'பழமைவாதி' என்ற நம் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில மூலத்தின் வேர், பேணுதல், காத்தல் என்ற பொருள் உடையது. நம் சொல்லோ சுயமரியாதை இயக்கக் காலத்திலிருந்து, சீர்திருத்தத்துக்குக் குறுக்கே நிற்பவர், சாதியையும் சடங்கையும் விடாதவர் என்ற நிறத்தோடு வழங்குகிறது. அதனால் 'நவபழமைவாதி' என்று படிக்கும் மாணவர் மதச் சடங்குகளைப் புதுப்பிக்க வந்தவர் என்று நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. கிறிஸ்டலின் கூட்டத்தில் பலர் கோயிலுக்கோ தொழுகைக் கூடத்துக்கோ ஒழுங்காகப் போகாதவர்கள்.

வகுப்பறைக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். 1970களின் உள்நாட்டு விவாதத்தைப் பற்றிய பாடமானால் 'புதுப்பழமைவாதி' என்று எழுதி, முன்னாள் இடதுசாரிகள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 2003க்குப் பிந்தைய அரசியலானால் 'நியோகான்' என்று ஒலிபெயர்த்து எழுதுவதே நேர்மை. ஏனென்றால் அப்போது அது கொள்கையின் பெயராக இல்லை, ஒருவர் இன்னொருவரை அழைத்த பெயராகவே இருந்தது. யார் அழைத்தார் என்பதையும் அந்த வாக்கியத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சென்ற இதழில் நான் எழுதிய இரண்டு இடங்களிலும் அது விடுபட்டிருந்தது: முதல் இடத்தில் பேசியவர் டிரம்ப்பின் ஆதரவாளர், இரண்டாவது இடத்தில் போரை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர். திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டுகிறேன்.